சென்னை–டொரண்டோ பயணத்துக்கு எந்த கார்டு?

வருஷத்துக்கு இரண்டு தடவை மகளைப் பார்க்க டொரண்டோ போகிறீர்கள், விமான நிலைய லவுஞ்ச் வசதியோடு பத்தாயிரம் ரூபாய் ஆண்டுக் கட்டணத்தில் ஒரு கிரெடிட் கார்டைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். லவுஞ்சை விடுங்கள் சார். இரண்டு இட்லிக்கும் ஒரு காபிக்கும் பத்தாயிரமா?

முதலில் ஃபாரெக்ஸ் மார்க்அப், அதாவது வெளிநாட்டுப் பணத்தில் செலவழித்தால் வங்கி பிடிக்கும் கூடுதல் கட்டணம், எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் 3.5%. அதன்மேல் 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 4.13%. அங்கே இரண்டு லட்சம் செலவழித்தால் 8,260 ரூபாய் காலி. ரிவார்டு பாயின்ட்டாகத் திரும்புவது பல கார்டுகளில் ஒன்றிரண்டு சதவீதம்தான். மார்க்அப் இல்லாத கார்டுகளும் இருக்கின்றன, வெளிநாட்டுச் செலவுக்கு அதில் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டுக்கு, பாயின்ட்டை மைலாக, அதாவது டிக்கெட் வாங்க உதவும் ஏர்லைன்ஸ் புள்ளியாக, மாற்ற விடும் கார்டு எடுங்கள். நீங்கள் போகும் லுஃப்தான்சா, ஏர் இந்தியா இரண்டுமே ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருக்கின்றன. அதனால் அதே கூட்டணியில் உள்ள சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல் இரண்டிலும் செல்லும். ஆனால் மூன்று வருஷத்தில் காலாவதியாகிவிடும். சீட் இருக்கிறதா, வரியும் கூடுதல் கட்டணமும் எவ்வளவு என்று பார்த்த பிறகே மாற்றுங்கள். லுஃப்தான்சாவில் அந்தக் கட்டணம் கொஞ்சம் கடுமை. ஒருமுறை மாற்றிய பாயின்ட் திரும்பி வராது.

இன்னொன்று, டொரண்டோ கடையில் மெஷின் 'ரூபாயா, கனடா டாலரா' என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு டாலரை அழுத்துங்கள்.