பாக்குமட்டைத் தட்டும் ஜெர்மன் பிள்ளைகளும்

கேள்வி: அக்கா, என் மகள் பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் படிக்கிறாள். அவள் பள்ளியும் ஜெர்மனியில் ஒரு பள்ளியும் சேர்ந்து ‘மாணவர் கம்பெனி’ ஆரம்பிக்கிறார்களாம். இங்கே பாக்குமட்டைத் தட்டு வாங்கி அங்கே பள்ளி விழாவில் விற்பார்களாம். சுற்றுச்சூழல் தொழில் என்கிறாள். ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ கால். தறி ஓட்டும் என் வீட்டுக்காரர், ‘படிக்கிற வயசுல என்ன வியாபாரம்?’ என்கிறார். விடலாமா?
— ஒரு தாய், அம்மாபேட்டை, சேலம்

பதில்: விடுங்கள் தங்கச்சி. ஆனால் அவள் கணக்கு எழுதும் நோட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வாழப்பாடிப் பக்கம் பதினோரு வருஷம் தட்டுப் பட்டறை நடத்தியவள் நான். தோப்பில் தானாக விழுந்த மட்டையைப் பொறுக்கி வந்து, ஊறவைத்துக் கழுவி, சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு. பசை கிடையாது, சாயம் கிடையாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தட்டுக்குத் தடை வந்ததும் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஐரோப்பாவிலும் 2021 ஜூலையில் பிளாஸ்டிக் தட்டு போய்விட்டது. ஜெர்மன் பிள்ளைகளுக்கு நம் தட்டின் மேல் கண் விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் 2025-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பாக்குமட்டைத் தட்டைத் துறைமுகத்திலேயே நிறுத்தச் சொல்லிவிட்டது. பாக்கு மரத்தில் உள்ள ஆல்கலாய்டுகள் என்ற இயற்கை வேதிப்பொருட்கள் தட்டிலிருந்து சாப்பாட்டில் இறங்கலாம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. எத்தனை கல்யாணத்துக்குத் தட்டு கொடுத்திருக்கிறேன்! ராத்திரி படுத்து யோசித்தால், கொதிக்கிற ரசத்தில் எவ்வளவு இறங்கும் என்று யாராவது கேட்டிருந்தால் காட்ட என்னிடம் ஒரு காகிதம் இல்லை. ‘காலங்காலமா சாப்பிடறோம்’ என்றிருப்பேன். அதுவும் பொய். காலங்காலமாக நாம் சாப்பிட்டது வாழை இலையில். அச்சுத் தட்டு நேற்று வந்தது.

இப்படிக் குடைந்து கேட்க வெளியாள்தான் வேண்டும். ‘மட்டை கழுவின தண்ணி எங்கே போகுது? கப்பல்ல இவ்வளவு தூரம் வந்தா அது எப்படி இயற்கைக்கு நல்லது?’ என்று ஜெர்மன் பிள்ளைகள் கேட்கட்டும், உங்கள் மகள் திணறட்டும். நான் இதைப் பணம் கட்டித்தான் கற்றேன். ஒரு ஐப்பசியில் சரியாகக் காயாத தட்டைப் பெட்டியில் அடைத்து அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது முழுக்கப் பூஞ்சணம். ஒரு பைசா வரவில்லை.

இந்த மாணவர் கம்பெனி புதுசு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 1919-ல் தொடங்கிய ஜூனியர் அச்சீவ்மென்ட் செய்வதும் இதைத்தான்: பிள்ளைகள் சின்னச் சின்னப் பங்கு விற்று முதல் சேர்ப்பார்கள், ஆளுக்கொரு பொறுப்பு எடுத்துப் பொருள் விற்பார்கள், கடைசியில் பங்கு வாங்கியவர்களுக்குக் கணக்குக் காட்டிக் கம்பெனியை மூடுவார்கள். ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். பதினெட்டு வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் நம் சட்டத்தில் செல்லாது. பில், வங்கிக் கணக்கு எல்லாம் பள்ளிக்கூடத்தின் பொறுப்பில் இருக்கட்டும். ‘அம்மா பேர்ல போட்டுக்கலாம்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள்.

என்னைக் கேட்டால் தட்டே வேண்டாம். மார்கழி, தையில் ஏற்காட்டுக்குப் போய்ப் பாருங்கள், காப்பிப் பழம் உரித்த தோல் எஸ்டேட்டில் குவிந்து கிடக்கும். அதை வாங்கி மட்கவைத்து, சேலத்து மாடித் தோட்டக்காரர்களுக்கு உரமாக விற்கலாம். ஜெர்மன் பிள்ளைகள் அவர்கள் ஊர்க் காப்பிக்கடைச் சக்கையில் இதையே செய்யட்டும். சரக்கு கடல் தாண்ட வேண்டாம், கணக்கு நோட்டு தாண்டினால் போதும்.

படிப்பு கெடுமோ என்ற பயத்துக்கு, வாரம் ஒரு வீடியோ கால் என்று வரையறுத்துவிடுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். அதன் பிறகு இங்கே எட்டு மணிக்கு வந்த கால் ஏழு மணிக்கே வந்துவிடும்.

நோட்டு விஷயம். மட்டை விலை, வண்டி வாடகை எல்லாம் எழுதியிருப்பாள். அவளும் கூட்டாளிகளும் உழைத்த நேரத்துக்குக் கூலி எழுதியிருக்க மாட்டாள். நானும் மூன்று வருஷம் எழுதாமல், லாபம் லாபம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுக்காரரிடம் நீட்டுங்கள். தறி ஓட்டுகிறவருக்கு அது உடனே கண்ணில் படும்.