காப்பகத்தை விட்டு உடனே கிளம்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. கடன், குடி என்று எல்லாம் போய், வீட்டை விட்டு வந்து இரண்டு வருடம் பாரிமுனைக் கடை வாசல்களில் படுத்தேன். எட்டு மாதமாக மாநகராட்சிக் காப்பகத்தில் இருக்கிறேன். குடிப்பதில்லை. ஒரு மெஸ்ஸில் வேலை. மூன்று வேளைச் சாப்பாடு போக 11,000 ரூபாய் சம்பளம். மருத்துவமனை ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு 13,000 தருவதாக ஒரு கான்ட்ராக்டர் கூப்பிடுகிறார். காப்பகத்தில் இருக்கிறேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சீக்கிரம் தனி ரூம் எடுத்து, பொங்கலுக்கு ஊருக்குப் போய் மகளைப் பார்க்க ஆசை. ஆதாரும் தொலைந்துவிட்டது. என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: இப்போதைக்குக் காப்பகத்தை விட்டுக் கிளம்ப வேண்டாம். இரண்டு மூன்று மாதச் சம்பளம் கையிருப்பு இல்லாமல் ரூம் எடுத்தால், பத்து நாள் காய்ச்சலில் படுத்தாலே வாடகை நின்றுபோகும். நீங்கள் மறுபடி அந்தக் கடை வாசலுக்குப் போகக் கூடாது. கூச்சப்படவும் ஒன்றுமில்லை. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வருடம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. அங்கே தங்குவது உங்கள் உரிமை.

முதல் வேலை ஆதார். புதிதாக எடுக்கப் போகாதீர்கள். உங்கள் கைரேகை ஏற்கெனவே பதிவில் இருப்பதால் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும். கார்டு தொலைந்துவிட்டது, நம்பரும் ஞாபகமில்லை என்று ஆதார் மையத்தில் சொன்னால் கைரேகையை வைத்துத் தேடித் தருவார்கள். அப்படியே இப்போதைய போன் நம்பரையும் சேர்த்துவிடுங்கள். ஓடிபி பழைய நம்பருக்கே போய்க்கொண்டிருந்தால் பேங்க் வேலை எதுவும் நகராது. முகவரி மாற்ற வாடகை ஒப்பந்தம்தான் வேண்டும் என்பதில்லை. அதற்கென்று ஒரு சான்றிதழ் படிவம் இருக்கிறது. காப்பகப் பொறுப்பாளரிடமோ வார்டு கவுன்சிலரிடமோ கையெழுத்து வாங்கலாம். வாக்காளர் அட்டைக்கும் வீடு தேவையில்லை. படிவம் 6-இல் நீங்கள் படுக்கும் இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்த்து உறுதிசெய்துகொள்வார்.

ஆதார் கிடைத்ததும் மினிமம் பேலன்ஸ் கேட்காத ஜன் தன் கணக்கு ஒன்று தொடங்கி, சம்பளத்தை அதில் போடச் சொல்லுங்கள். குடியை விட்டவருக்குச் சம்பளம் கையில் புழங்கும் நாள்தான் ஆபத்தானது.

வேலை மாறும் விஷயத்தில் அந்த 2,000 ரூபாயைப் பார்த்து மயங்காதீர்கள். மெஸ்ஸில் சாப்பாடு போடுகிறார்கள். வெளியே நாளைக்கு 100 ரூபாய் செலவு என்றாலே மாதம் 3,000 போய்விடும். ஆனால் கான்ட்ராக்டர் பிஎஃப், இஎஸ்ஐ கட்டுகிறவராக இருந்தால் தாராளமாக யோசிக்கலாம். இஎஸ்ஐக்கு உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம்தான், 13,000-க்கு 100 ரூபாய்கூட வராது, முதலாளி 3.25 சதவீதம் போட வேண்டும். உடம்புக்கு முடியாமல் போனால் வைத்தியத்துக்குக் கைக்காசு போகாது. அவர் வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது. ஏற்கெனவே அவரிடம் வேலை பார்க்கும் ஒருவரின் போனில் பிஎஃப் பாஸ்புக்கைக் காட்டச் சொல்லுங்கள். மாதா மாதம் பணம் ஏறியிருந்தால் போங்கள். இல்லையென்றால் மெஸ்ஸே மேல்.

ரூம் அதற்குப் பிறகுதான். அப்போதும் தனி வீடு தேடாமல், திருவல்லிக்கேணி மேன்ஷன் எதிலாவது இன்னொருவரோடு சேர்ந்து தங்கிப் பாருங்கள். தனியாக இருக்கும் இரவுகள் இப்போது உங்களுக்கு நல்லதல்ல.

மகளைப் பார்க்கும் ஆசை எனக்குப் புரிகிறது. பொங்கல் வரை காத்திருக்காதீர்கள், சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் போய் நிற்கவும் செய்யாதீர்கள். முதலில் மனைவிக்குப் போன் செய்யுங்கள். இத்தனை வருடம் தனியாளாகப் பிள்ளையை வளர்த்தவர் அவர்; திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், பதிலுக்குப் பதில் பேசாதீர்கள். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டால் காப்பகம் என்றே சொல்லுங்கள். அதை மறைத்தது தெரிந்தால், குடியை விட்டேன் என்பதையும் நம்ப மாட்டார். மகளின் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாயாவது அனுப்பத் தொடங்குங்கள். சத்தியம் எதுவும் செய்ய வேண்டாம், அதையெல்லாம் அவர்கள் நிறையக் கேட்டிருப்பார்கள். வரச் சொன்னால் பொங்கலுக்குப் போய் வாருங்கள். வேண்டாம் என்று சொன்னாலும் பணம் அனுப்புவதை நிறுத்திவிடாதீர்கள்.