ஆர்.சி. புக்கில் பெட்ரோல், பானட்டுக்குள் டீசல்: இந்த ஜீப்பை வாங்கலாமா?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். வீட்டுக்கும் தோப்புக்கும் ஓட்டுவதற்காக, 1973-ல் பதிவான மஹிந்திரா ஃபோர் வீல் ஜீப்பை 3,80,000 ரூபாய்க்குப் பேசி, 50,000 ரூபாய் அட்வான்ஸை ஜிபே-யில் அனுப்பிவிட்டேன். ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் 2016-ல் இறந்துவிட்டார். விற்பவர் அவருடைய மகன். ஆர்.சி. 2019-லேயே முடிந்துவிட்டது. புக்கில் பெட்ரோல் என்று இருக்கிறது, வண்டியில் இருப்பதோ மெட்டடோர் வேனின் டீசல் இன்ஜின். “பெயர் மாத்துறதுக்கு அப்பா கையெழுத்துப் போட்டு வைத்த 29, 30 ஃபார்ம் இருக்கு, கவலைப்படாதீங்க. இல்லேன்னா 50 வருஷம் ஆயிடுச்சு, விண்டேஜ் பதிவு வாங்கிக்கலாம்” என்கிறார் புரோக்கர். வாங்கலாமா? வேண்டாம் என்றால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?

பதில்: மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்தையும் ஆர்.சி. புதுப்பித்தலையும் முறைப்படி செய்தால் முடித்துவிடலாம். வண்டி தேறுமா தேறாதா என்பது இன்ஜினைப் பொறுத்தது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. இந்தப் பிரிவு 2000-ல் இன்னும் கடுமையாகத் திருத்தப்பட்டது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொன்னது. எரிபொருளை சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்றவற்றுக்கு மாற்ற, அங்கீகரிக்கப்பட்ட கிட் வழியாகச் சட்டத்தில் இடம் உண்டு. பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு வேறு கம்பெனியின் டீசல் இன்ஜினை ஏற்றுவது அந்த விலக்கில் வராது. பிரிவு 182-ஏ(4)-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்தத் தண்டனை மாற்றத்தைச் செய்த உரிமையாளருக்கு என்றாலும், பெயர் மாறியதும் புக்கோடு பொருந்தாத வண்டியின் சிக்கல் உங்கள் தலையில் விழும்.

இருந்தாலும், புக்கைக் கடைசிப் பக்கம் வரை புரட்டாமல் வண்டியை ஒதுக்கிவிடாதீர்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பெட்ரோல் ஜீப்புகளில் டீசல் ஏற்றியவர்களில் பலர் அதை ஆர்.டி.ஓ.விடம் காட்டிப் பதிந்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் பெட்ரோல் என்றே இருக்கும். உள்ளே குறிப்பு எழுதும் பக்கத்தில் பழைய இன்ஜின் எண்ணை அடித்து, புதிய எண், எரிபொருள், தேதி எழுதி, அலுவலகச் சீலும் கையெழுத்தும் வைத்திருப்பார்கள். உங்கள் புக்கில் அப்படி ஒரு குறிப்பு இருந்து, அந்த எண்ணும் இப்போது வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால், உங்கள் நிலை பலமானது. பதிந்த அலுவலகத்தின் பதிவேட்டிலும் அது இருக்கிறதா என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். மூன்றெழுத்துப் பழைய நம்பர் வண்டிகளில் பல, அரசின் ஆன்லைன் வாகனப் பதிவேடான பரிவாஹன் தளத்தில் ஏறியே இருக்காது. பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்றினால்தான் அடுத்த வேலை நகரும். குறிப்பு இல்லையென்றால் ஒரே வழி, விற்பவர் பெட்ரோல் இன்ஜினைத் தேடிப் பொருத்தி, ஆர்.டி.ஓ. அனுமதியோடு அந்த எண்ணைப் பதிந்து தருவது. அந்தச் செலவு அவருடையது.

சேஸ் எண்ணை நீங்களே பாருங்கள். டேஷிலோ ஃபயர்வாலிலோ (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) ஆணியடித்த தகட்டை மட்டும் நம்பவேண்டாம், அதைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டிவிட முடியும். சேஸ் கட்டையில் அடித்த எண்தான் கணக்கு. மண்ணெண்ணெய் தொட்டு, கம்பி பிரஷால் பெயிண்ட்டைத் தேய்த்து எடுங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தடம் எடுங்கள். எழுத்துகள் ஏறி இறங்கி இருந்தாலோ, சுற்றிலும் கிரைண்டர் தேய்த்த பள்ளமோ வெல்டிங் கோடோ தெரிந்தாலோ விலகிவிடுங்கள். திருட்டு வண்டி என்று சந்தேகம் வந்தால் காவல்துறை பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 106-இல் கைப்பற்றலாம். நீங்கள் விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், உண்மையான உரிமையாளர் வந்தால் வண்டி அவருக்கே போகும். அப்படியே ஃபோர் வீலையும் சோதியுங்கள். கியர் லிவர் அல்லாமல், முன், பின் வீல்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு லிவர்கள் இருக்கவேண்டும். ஒன்று முன்வீலை இணைக்க, இன்னொன்று ஹை-லோ மாற்ற. இரு வீல் டிரைவாக வந்த ஜீப்பில் பிற்பாடு முன் ஆக்சில் ஹவுசிங் மாட்டியிருந்தால் அதுவும் மாற்றம்தான்.

இனி அந்த 29, 30 ஃபார்ம். இறந்தவர் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டிருந்தாலும், அதில் இன்றைய தேதியை நிரப்பிக் கொடுப்பது பொய் ஆவணம். பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 336, 340 இரண்டும் அங்கே வந்து நிற்கும்; நிரப்பிக் கொடுப்பவர் நீங்கள் என்றால் முதல் பெயர் உங்களுடையது. நேர்வழி இருக்கும்போது இதைத் தொடவே வேண்டாம். மகன் பிரிவு 50(2)-இன்படி படிவம் 31-இல் தன் பெயருக்கு மாற்றவேண்டும். இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, தாய், உடன்பிறந்தவர்களின் ஆட்சேபணையின்மை அஃபிடவிட் ஆகியவை வேண்டும். மூன்று மாதக் கெடு எப்போதோ தாண்டிவிட்டதால் தாமதத்துக்கான தொகையும் கட்டவேண்டி வரும். அக்காவோ தங்கையோ ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் வேலை அங்கேயே நின்றுவிடும். ஆகவே வாரிசுச் சான்றில் எத்தனை பெயர் என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, படிவம் 25-இல் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தல். வண்டியை நேரில் காட்டவேண்டும். இன்ஜின் வேறாக இருந்தால் அங்கேதான் மாட்டும். 20 ஆண்டு கடந்த கார், ஜீப்புக்கான புதுப்பித்தல் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி, புகைச் சான்று, இன்சூரன்ஸ் தனி. “15 வருஷம் ஆனால் ஸ்கிராப்தான்” என்று யாராவது பயமுறுத்தினால், அந்தக் கட்டாயம் 2023 ஏப்ரல் முதல் அரசு வண்டிகளுக்கு வந்தது. தனியார் ஜீப் தகுதியோடு இருந்தால் தமிழ்நாட்டில் புதுப்பிக்கலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகே அவரிடமிருந்து உங்களுக்கு 29, 30. வாங்கிய 30 நாளுக்குள் விண்ணப்பியுங்கள்.

விண்டேஜ் பதிவு உங்களுக்குப் பயன்படாது. 2021 ஜூலையில் வந்த விதிகள்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர வாகனங்களுக்கும் பயணியர் வகை நான்கு சக்கர வாகனங்களுக்கும்தான் அது. சேஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. மெட்டடோர் இன்ஜினோடு போனால் அங்கேயே தள்ளுபடி. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டிக் கிடைத்தாலும் கண்காட்சி, பழைய கார் பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். தேங்காய் ஏற்றத் தினமும் தோப்புக்குப் போக அந்தப் பதிவில் அனுமதி இல்லை.

அட்வான்ஸைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 14-இன்படி, விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கவேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் அடங்கியுள்ள நிபந்தனை. மற்ற வாரிசுகள் இருந்து, அவர்கள் சம்மதிக்கவில்லை என்றால் மகனால் முழு வண்டியையும் தனியே விற்க முடியாது. இன்ஜின் மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்திருந்தால் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 19-இல் நீங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஆனால் டீசல் என்று தெரிந்தேதான் அட்வான்ஸ் கொடுத்தீர்களா என்று எதிர்த் தரப்பு கட்டாயம் கேட்கும். அதனால் புரோக்கரோடு நடந்த வாட்ஸாப் உரையாடலை அழிக்காமல், ஃபோனையும் மாற்றாமல் வைத்திருங்கள். நீதிமன்றத்தில் அதற்குப் பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சான்று தேவைப்படும். முதலில் 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். பணம் வராவிட்டால் மூன்று ஆண்டுக்குள் சிவில் வழக்கு. விற்பவர் தனிநபர் என்பதால் அவர்மேல் நுகர்வோர் ஆணையம் போகமுடியாது. கமிஷன் வாங்கிய புரோக்கர்மேல் போகலாம்.

“வண்டியை இப்பவே எடுத்துட்டுப் போங்க, பேப்பர் பின்னாடி வரும்” என்றால் சம்மதிக்காதீர்கள். ஆர்.சி. காலாவதியான வண்டி ரோட்டில் மோதினால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். செல்லாத பதிவோடு ஓட்டுவது பாலிசியின் அடிப்படை மீறல் என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தோப்பில் நிற்கட்டும் என்றாலும், தோப்பு வரை ரோட்டில்தான் வரவேண்டும். பார்த்து முடிவெடுக்க வேண்டுமென்றால் மெக்கானிக்கை அந்த வண்டி நிற்கும் இடத்துக்கே கூட்டிப் போங்கள்.