ஜேலன் எங்கோண்டா: சோல் இசைக் கேள்வி பதில்

கேள்வி: யாரோ போட்ட பாட்டைக் கேட்டுவிட்டு 1966இல் வந்தது என்று நினைத்துக்கொண்டேன். புது ஆளாம்! யார் இவர்?

பதில்: ஜேலன் எங்கோண்டா. கறுப்பின அமெரிக்கர்கள் வளர்த்த சோல் என்ற இசை வகையைப் பாடும் அமெரிக்கர். வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்துப் பகுதியில் வளர்ந்தவர். இசை படிக்க லிவர்பூல் போனார். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, தான் படித்த பள்ளிக் கட்டடம் பாழாகாமல் இருக்க முன்னின்று உருவாக்கிய கல்லூரி அது. முதல் ஆல்பம் ‘கம் அரௌண்ட் அண்ட் லவ் மீ’ 2023இல் டாப்டோன் என்ற இசைப்பதிவு நிறுவனத்தின் வழியாக வந்தது.

கேள்வி: இந்தப் பழைய ஒலியைக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபில்டர் போட்டே கொண்டுவர முடியாதா?

பதில்: இரைச்சல் வரும், ஒலி வராது. அறுபதுகளின் டெட்ராய்ட், மெம்ஃபிஸ் பதிவுகளில் பெரும்பாலும் வாத்தியக்காரர்கள் ஒரே அறையில் சேர்ந்து வாசித்தார்கள். டிரம்ஸ் சத்தம் கிட்டார் மைக்கிலும் கொஞ்சம் விழும். அந்தக் கசிவுதான் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பதுபோலக் கேட்க வைக்கிறது.

டிராக்குகளும் (டேப்பில் தனித்தனியாகப் பதிவாகும் தடங்கள்) குறைவு. டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசை நிறுவனம் ஆரம்பத்தில் மூன்றே டிராக்கில் வேலை பார்த்தது; அறுபதுகளின் நடுவில்தான் எட்டு வந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிப்போட முடியாது. ஆகவே பாட்டின் அமைப்பு பதிவுக்கு முன்பே முடிவாகிவிடும்.

பிறகு சின்னச் சின்ன விஷயங்கள். ஸ்னேர் டிரம்மின் மேல் துணி போட்டு அடக்குவார்கள். பேஸ் கிட்டாரில் வழவழப்பான தட்டைச் சுற்றுக் கம்பி. மோட்டவுனின் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது அதில்தான். ‘டும்’ என்று விழுந்து உடனே அடங்கும், பளபளப்பு இருக்காது. டாப்டோன்காரர்கள் புரூக்ளினில் எட்டு டிராக் டேப் இயந்திரம் வைத்து இதையே பிடிவாதமாகச் செய்து பெயர் வாங்கினார்கள்.

கேள்வி: டாப்டோனில் வேறு யார் பாடியிருக்கிறார்கள்?

பதில்: ஷேரன் ஜோன்ஸ், சார்ல்ஸ் பிராட்லி. ஜோன்ஸ் ஒருகாலத்தில் நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராக இருந்தவர். பிராட்லியின் முதல் ஆல்பம் 2011இல் வந்தபோது அவருக்கு வயது 62. இருவருமே வாழ்க்கையில் அடிபட்டு, தாமதமாக வெளிச்சத்துக்கு வந்தவர்கள். ஜோன்ஸ் 2016இலும் பிராட்லி 2017இலும் காலமானார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு ஓர் இளைஞர் வந்ததால்தான் இவ்வளவு கவனம். பிரிட்டிஷ் பாடகி எமி வைன்ஹவுஸின் ‘பேக் டு பிளாக்’ ஆல்பத்தில் (2006) பல பாட்டுகளுக்கு வாசித்த டாப்-கிங்ஸும் டாப்டோனின் சொந்த வாத்தியக் குழுதான்.

கேள்வி: அண்ணே, உண்மையைச் சொல்லுங்கள். பழைய மோட்டவுன் பாடகர் மார்வின் கேயின் ஜெராக்ஸ்தானே?

பதில்: குரலின் சாயல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஜெராக்ஸ் எடுப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் கள்ளக்குரல் (ஃபால்செட்டோ). மேலே போனதும் குரல் மெலிந்து, சொற்கள் கரைந்துவிடும். இவர் அங்கேயும் வரியைத் தெளிவாகச் சொல்கிறார். கீழே இறங்கும்போது ஒட்டுப்போட்ட சத்தம் கேட்பதில்லை. பழைய பாட்டுகளைத் திருப்பிப் பாடிக்கொண்டிருக்கவும் இல்லை, சொந்தப் பாட்டு எழுதுகிறார். எனக்கு உள்ள குறை வேறு: ஆல்பம் முழுக்கக் காதல், ஏக்கம், மறுபடி காதல். அடுத்ததில் கொஞ்சம் வெளியுலகத்தையும் பார்க்கலாம்.

கேள்வி: இதை வினைல் இசைத்தட்டில்தான் கேட்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். சுமாரான ஹெட்போன் போதும். மொபைல் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பேஸ் காணாமல் போய்விடும்.

கேள்வி: சோல் எனக்குப் புதுசு. எங்கே ஆரம்பிக்கலாம்?

பதில்: இவருடைய ‘இஃப் யூ டோன்ட் வான்ட் மை லவ்’ கேளுங்கள். அடுத்து டெம்டேஷன்ஸ் குழு பாடிய ‘மை கேர்ள்’. பிடித்துப்போனால் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ (1971) ஆல்பத்தை இடையில் நிறுத்தாமல் முழுசாக. ஒவ்வொன்றையும் இரண்டாம் முறை கேட்கும்போது பாடகரை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள்.