குக்கர் கேள்விக்கு என்ன பதில் சொன்னீங்க?

கேள்வி: தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயருக்கு பிசிக்ஸ் எடுக்குறேன். பசங்க உயிரே இல்லாம உக்காந்திருக்காங்க, பாதிப் பேர் பெஞ்சுக்கு அடியில போன் நோண்டுறாங்க. கேம்ஸ், குவிஸ்னு வெச்சா சந்தோஷமா படிப்பாங்களா? எனக்கும் நேரமே இல்ல, அன்னிக்கு எட்டாவது படிக்கிற பொண்ணு 'குக்கர்ல மட்டும் ஏம்மா பருப்பு சீக்கிரம் வேகுது'ன்னு கேட்டப்பகூட யூடியூப்ல பாத்துக்கோன்னு அனுப்பிட்டேன்.
- உதவிப் பேராசிரியை, கோவை

பதில்: கேம்ஸ் கிடக்கட்டும், அந்தக் குக்கருக்கு வாங்க. நீங்க சம்பளம் வாங்குறதே பிசிக்ஸுக்கு, வீட்டுல ஒரு புள்ள மார்க்குக்கு இல்லாம தானா வந்து ஆசையா பிசிக்ஸ் கேக்குது, அத யூடியூப்புக்குத் தள்ளி விட்டுட்டு ஊரான் புள்ளைங்களுக்கு எப்படி ஆசை வரவைக்கிறதுன்னு எனக்கு லெட்டர் போடுறீங்க. நேரமில்லையாம்! ஆவி வெளிய போக முடியாம உள்ள அழுத்தம் ஏறுது, அதனால தண்ணி 100 டிகிரியத் தாண்டி 120 கிட்ட போய்தான் கொதிக்குது, பருப்பு சீக்கிரம் வெந்துடுது. ரெண்டு விசிலுக்குள்ள சொல்லி முடிச்சிருக்கலாம். பெத்த புள்ள கேட்டா உக்காந்து பதில் சொல்லணும், பேப்பர் கட்டு காத்திருக்கும், பாத்திரத்த வீட்டுக்காரர் தேய்க்கட்டும், நான் அப்படித்தான் நெனைக்கிறவ.

கிளாஸ்லயும் எவனாவது கை தூக்கினா 'அது சிலபஸ்ல இல்லப்பா'ன்னுதான் சொல்லிட்டு இருப்பீங்க. அப்புறம் அவன் போன் நோண்டாம என்ன பண்ணுவான்?

குவிஸ் வெச்சா சாக்லேட்டுக்குக் கத்துவாங்க, அதோட சரி. ஹார்வர்டுல எரிக் மஸூர்னு ஒரு பிசிக்ஸ் பேராசிரியர் 1991-லயே இதுக்கு ஒரு வழி பண்ணாரு, பாடத்துக்கு நடுவுல ஒரு கேள்வி, மொதல்ல அவனவன் தனியா பதில் சொல்லணும், அப்புறம் பக்கத்துல இருக்கறவன்கிட்ட வாதாடணும், திரும்பவும் பதில் சொல்லணும். நீங்க இத கேளுங்க: திறந்த பாத்திரத்துல தண்ணி தளதளன்னு கொதிக்குது, கேஸ இன்னும் கூட்டினா பருப்பு சீக்கிரம் வேகுமா? நிறைய பேர் ஆமாம்பாங்க. உடனே திருத்தாதீங்க. நல்லா சண்டை போடட்டும், சத்தம் கேட்டு எச்ஓடி எட்டிப் பாத்தா பாக்கட்டும். அப்புறம் சொல்லுங்க, கொதிக்க ஆரம்பிச்ச தண்ணி சூடு ஏறாது, கூட்டுன கேஸெல்லாம் ஆவியாத்தான் போகுதுன்னு. உள்ளுறை வெப்பத்த, அதான் சூடு ஏத்தாம தண்ணிய ஆவியாக்குற அந்த வெப்பத்த, அதுக்கப்புறம் எடுங்க, காது குடுப்பாங்க. அடுத்த கேள்வி வேணும்னா பொண்ணுகிட்ட கேட்டுப் பாருங்க, இன்னும் உங்கள நம்பி கேக்குறான்னா.

போர்ஷன் முடியாதேம்பீங்க. போர்டுல டெரிவேஷன் எழுதிப்போட்டு முழு பீரியடும் காப்பி பண்ண வைக்கிறீங்கல்ல, அதுல ஒண்ண விடுங்க. அந்த நோட்ஸ எப்பவோ ஜெராக்ஸ் கடையில வாங்கிட்டாங்க.