நரி வேட்டையும் குப்புற விழும் கனவான்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய ஆங்கில நீர்வண்ண ஓவியங்களை இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். நரி வேட்டைப் படங்களில் நிறைய கேலிப்படங்கள். சிவப்புக் கோட்டு போட்ட கனவான் சேற்றுப் பள்ளத்தில் தலைகீழாகக் கிடக்கிறார். இவற்றை வாங்கி வீட்டில் மாட்டியவர்களும் வேட்டைக்காரர்கள்தானாம். தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டார்களா? இல்லை, இது வேட்டைக்கு எதிரான குரலா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

எதிர்ப்பெல்லாம் இல்லை. கேலி வேட்டையின் மேல் அல்ல, வேட்டை தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டவன் மேல். படத்தை வாங்கியவர், விழுந்து கிடப்பது பக்கத்து ஊர்க்காரர் என்று நினைத்துத்தான் வாங்கியிருப்பார்!

ஹென்றி ஆல்கனை (1785–1851) எடுத்துக்கொள்ளுங்கள். ‘பென் டாலி-ஹோ’ என்ற புனைபெயரிலும் படம் போட்டவர். நரியைக் கண்டதும் வேட்டைக்காரர்கள் போடும் கூச்சல்தான் அந்த ‘டாலி-ஹோ’. அவர் படங்களில் சிரிப்பை வரவழைப்பது விழுபவனின் முகம் அல்ல, குதிரை. வேலியைத் தாண்ட மறுத்து அது கால்களை ஊன்றி நிற்கும் விதம் அவ்வளவு துல்லியம். குதிரை பழகியவர், ஆள் எங்கே தப்பு செய்தான் என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். இன்னொன்று, இணையத்தில் கிடைப்பவற்றில் பல, அச்சுப் படத்தின் மேல் கையால் நீர்வண்ணம் தீட்டியவை. ஒரே காட்சி பிரதிக்குப் பிரதி வேறு நிறத்தில் இருந்தால் குழம்ப வேண்டாம்.

தாமஸ் ரோலண்ட்ஸன் வேறு ரகம். பேனாக் கோடு, மேலே மெல்லிய வண்ணம், எல்லாரும் உருண்டு திரண்டவர்கள். பெரிய மனிதர், சின்ன மனிதர் பேதம் அவரிடம் கிடையாது. அடுத்த தலைமுறையில் ஜான் லீச் வரைந்த ஜாராக்ஸ் என்ற நாவல் பாத்திரம், வேட்டைக் குழுவுக்குத் தலைவராகிவிட்ட லண்டன் மளிகை வியாபாரி. அந்தப் பாத்திரத்தை எழுதிய சர்டீஸோ வேட்டையாடும் நிலக்கிழார். சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று புரிகிறதல்லவா?

நரி எங்கே என்று தேடிப் பாருங்கள். இந்த வகைப் படங்களில் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் ஓரத்தில் புள்ளியாக ஓடும். நாய்கள் அதைக் கிழிப்பதை வரைந்தால் அப்புறம் யார் சிரிப்பது? இங்கிலாந்தில் நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதைத் தடை செய்த சட்டம் 2004இல்தான் வந்தது. அதற்கும் இந்தப் படங்களுக்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் சொல்லும் சுயகேலி உண்மையிலேயே இருப்பது ராண்டால்ஃப் கால்டிகாட்டிடம். ஷ்ராப்ஷயரில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்தபோதே வேட்டைக்குப் போனவர். 1880இல் வந்த அவருடைய ‘மூன்று குதூகல வேட்டைக்காரர்கள்’ ஒரு நாட்டுப்பாடலுக்கான படப் புத்தகம். மூவரும் நாள் முழுக்கக் குதிரையில் சுற்றுகிறார்கள். எதிர்ப்படுவதெல்லாம் சோளக்கொல்லைப் பொம்மை, சாணைக்கல், பன்றி, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். ஒவ்வொன்றும் என்னவென்று வாக்குவாதம் வேறு! கடைசிவரை ஒன்றும் சிக்குவதில்லை, அவர்களுக்கு அதில் வருத்தமும் இல்லை. என்னைக் கேட்டால் ஆல்கனின் துல்லியத்தைவிட இந்த வெள்ளந்தித்தனம்தான் உசத்தி. ப்ராஜெக்ட் கட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, படங்களோடு பாருங்கள்.