4 நானோமீட்டர் படலத்துக்கு ஏன் இவ்வளவு நீள வால்?

மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் ஒரு மாணவி கேட்கிறார்: "நயோபியம் நைட்ரைடு தடிமனான படலம் 15 கெல்வினில் சட்டென்று மீகடத்தியானது, அதாவது மின்தடையே இல்லாமல் போனது. 4 நானோமீட்டர் படலத்தில் 9-ல்தான் மின்தடை இறங்க ஆரம்பித்து, இழுத்து இழுத்து 7-ல்தான் சுழியானது. சாம்பிள் போச்சு என்கிறார் சீனியர். தூக்கிப் போடவா?"

வேண்டாம்மா, அவசரப்படாதே. மீகடத்தல் தொடங்கும் வெப்பநிலை 15-லிருந்து 9-க்கு இறங்கியதில் தப்பே இல்லை. ஒழுங்கற்ற மெல்லிய படலத்தில் எலக்ட்ரான்கள் முட்டி மோதித் தடுமாறி நகர்வதால் அவற்றின் விலக்கு விசை சரியாக மட்டுப்படுவதில்லை, மீகடத்தலுக்குத் தேவையான ஜோடி சேர்வது சிரமமாகிறது. போதாததற்குக் காற்றுபட்டு மேல்பரப்பு ஆக்சைடாகியிருக்கும், ஆக உன் 4 உண்மையில் 4 இல்லை.

தடிமனைவிட முக்கியம், படலத்தின் ஒரு சதுரத் துண்டுக்கு எத்தனை ஓம் மின்தடை என்பது. உன் பட்டை 100 மைக்ரான் நீளம், 10 அகலம், அதாவது வரிசையாகப் பத்துச் சதுரம். மீகடத்தியாகும் முன் மொத்த மின்தடை 9 கிலோ ஓம் என்று எழுதியிருக்கிறாய், அப்போ சதுரத்துக்கு 900. 1989-ல் ஹேவிலண்ட், லியூ, கோல்ட்மன் பிஸ்மத் படலங்களை மெல்ல மெல்லத் தடிமனாக்கிப் பார்த்தபோது, மின்காப்பியாகவா மீகடத்தியாகவா என்ற எல்லை சதுரத்துக்குச் சுமார் 6.45 கிலோ ஓம் பக்கம் வந்தது. எல்லாப் பொருளுக்கும் அதே எண் வராது, ஆனால் நீ அதற்கு வெகுதூரத்தில் இருக்கிறாய்.

வாலுக்கு வருவோம், அதாவது மின்தடை 9-லிருந்து 7 வரை இழுத்ததற்கு. மாசி வீதியில் தேர்வடத்தை ஆயிரம் பேர் பிடித்திருந்தாலும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது, இல்லையா? இங்கேயும் ஜோடிகள் சேர்ந்துவிடுகின்றன, ஆனால் சுழல்கள் (மின்னோட்டம் வட்டமாகச் சுற்றும் சிறு இடங்கள்) கட்டவிழ்ந்து திரிவதால் ஜோடிகளின் கட்டம், அதாவது அலையின் ஏற்ற இறக்க நேரம், ஒத்துப்போவதில்லை. எதிரெதிர்ச் சுழல்கள் பிணைந்த பிறகுதான் தடை சுழியாகும். (காஸ்டர்லிட்ஸ், தௌலஸுக்கு 2016 நோபல் வாங்கித் தந்த விஷயம்!) ஆனால் 900 ஓமுக்கு இந்தக் காரணம் அரை கெல்வினைக்கூட விளக்காது, உனக்கோ 2 கெல்வின் வால். படலம் சீராக இல்லை, ஒரு இடம் தடிமன், ஒரு இடம் மெலிசு என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நான்கு முனை இணைப்பிலேயே (மின்னோட்டத்துக்கு இரண்டு கம்பி, மின்னழுத்தத்துக்குத் தனியே இரண்டு) பல வெப்பநிலைகளில் மின்னோட்டம், மின்னழுத்தம் எடுத்து இரண்டு அச்சுமே லாக் அளவில் வரை. சாய்வு 1-லிருந்து ஒரு குறுகிய இடைவெளியில் 3-க்குத் தாவினால் சுழல்கள்தான். வெப்பநிலை 7 கெல்வினுக்கு இறங்கும் வரை சாய்வு மெதுவாக ஏறினால் சீரின்மை. மின்னோட்டத்தை மைக்ரோ ஆம்பியருக்கும் கீழே ஆரம்பி. படலம் சூடானாலும் பொய்யாக ஒரு சாய்வு வரும்.